ஓசையில்லாத சைக்கிளும் தில்லி விலங்குகளும்

7 டிசம்பர் 2024: வாசகர் ஒருவர் கேட்டது

என் அலுவலக நண்பர் வசந்த் குஞ்சிலிருந்து சைக்கிளில் வருகிறவர். போன வாரம் தோளில் கட்டோடு வந்தார். கேட்டால் நீல்காய் என்ற காட்டு விலங்கு மோதிவிட்டது என்கிறார். மெட்ரோ ஓடுகிற தலைநகரில் இப்படியும் நடக்குமா, அல்லது குழியில் விழுந்ததை மறைக்க ஒரு கதையா? என்னைக் கேட்டால் தில்லியில் சைக்கிள்காரன் பயப்பட வேண்டிய ஒரே விலங்கு தெருநாய்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

8 டிசம்பர் 2024, காலை

நடக்கும். நண்பரை நம்புங்கள். மெட்ரோ வந்துவிட்டது என்பதற்காக நீல்காய் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடவில்லை. ஆரவல்லி மலையின் வால் தில்லிக்குள் வந்துதான் முடிகிறது. ரிட்ஜ் என்று சொல்கிறோமே, அதுதான். ஜே.என்.யூ. பல்கலைக்கழக வளாகம், சஞ்சய் வனம், தெற்கே அசோலா எல்லாம் அந்த வாலின் துண்டுகள். கிழக்கே யமுனைப் படுகை. இரண்டு பக்கமும் நீல்காய் உண்டு. ஆசியாவின் இரலை இனங்களில் இதுதான் மிகப் பெரியது. நன்றாக வளர்ந்த கிடா 200 கிலோவைத் தாண்டும். நண்பரின் சைக்கிள் பன்னிரண்டு கிலோ தேறுமா? தோள்கட்டோடு போனது அவர் அம்மா செய்த புண்ணியம்.

நான் முனீர்க்காவாசி. குளிர்காலத்தில் விடிவதற்கு முன்பே அருணா ஆசஃப் அலி சாலையில் ஓட்டுகிறவன். ஒரு பக்கம் ஜே.என்.யூ., மறுபக்கம் சஞ்சய் வனம். போன ஜனவரியில் ஒரு நாள் பனிமூட்டம். விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. முதலில் குளம்புச் சத்தம் கேட்டது. தாரின் மேல் டக், டக் என்று, எந்த அவசரமும் இல்லாமல். பிறகு மூச்சு ஆவியாக வந்தது. அதற்குப் பிறகுதான் தலை வந்தது. கிடா. தொண்டையில் இருக்கும் வெள்ளைத் திட்டும் அதன் கீழே தொங்கும் மயிர்க்குஞ்சமும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு நெருக்கம். குஞ்சத்தின் நுனியில் பனித்துளி கோத்திருந்தது. பிரேக்கை அழுத்தினேன். நனைந்த ரிம் பிடிக்காமல் கீச்சென்று கத்தியது. அந்தக் கத்தலுக்குத்தான் அது என்னைப் பார்த்தது. ஒரே எம்பில் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அது நின்றிருந்த இடத்தில் என் முன்சக்கரம் போய் நின்றது.

பிரேக் கத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். கார் வருவது விலங்குக்குத் தொலைவிலேயே தெரியும். நடந்து வருகிறவன் கண்ணில் படுவதற்கு நேரம் இருக்கிறது. சைக்கிள் மட்டும்தான் காரைப் போல வேகமாகவும் நடக்கிறவனைப் போல ஓசையில்லாமலும் வருகிறது. காட்டில் அப்படி வருவது வேட்டையாட வருகிற ஜீவன்தான். நீல்காய் நம்மைப் பற்றி என்ன நினைக்கும்?

8 டிசம்பர் 2024, இரவு

தெருநாய் பற்றி இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நாய் காட்டு விலங்கல்ல. அதற்குத் தனியே ஒரு மகாபாரதம் எழுதலாம். சுருக்கமாக: துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி நின்று, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, அதட்டுங்கள். ஓடுகிற சக்கரத்தின் மேல்தான் அதற்குக் கோபம். நின்றுவிட்ட சக்கரத்தை என்ன செய்வது என்று பல நாய்களுக்குத் தெரிவதில்லை.

மேலே போவோம்.

11 டிசம்பர் 2024

"ஒன்று போனதும் வழி விட்டதே என்று ஓட்டினேன், இரண்டாவது வந்து இடித்தது" என்று நொய்டாவிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். ஓக்லா பறவைகள் சரணாலயத்துப் பக்கமாம். மந்தையாகப் போகிற எந்த விலங்கும் அப்படித்தான். முதல் நீல்காய் தாண்டியதும் காலைத் தரையில் ஊன்றி நில்லுங்கள். பின்னால் பெட்டைகள் வரும், அவற்றின் பின்னால் கன்று வரும். பெட்டைக்குக் கொம்பும் இல்லை, நீல நிறமும் இல்லை. பழுப்பு மண்ணில் பழுப்பாக நிற்கும். விடியற்காலையில் பார்த்தால் சாலையோரத்துப் புதர் என்றே தோன்றும், புதர் நடக்கத் தொடங்குகிற வரைக்கும்.

இன்னொன்று. நீல்காய் மீண்டும் மீண்டும் ஒரே இடத்துக்கு வந்து சாணமிடும். புழுக்கை மேல் புழுக்கையாகக் குவியும். சாலையோரத்தில் அப்படி ஒரு குவியல் கண்ணில் பட்டால் அதை அவற்றின் பஸ் நிறுத்தமாக எடுத்துக்கொண்டு நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன். வண்டி எப்போது வரும் என்று தெரியாது, வரும் இடம் இதுதான். இந்த ஒரு பழக்கம் எனக்குப் பல முறை உதவியிருக்கிறது. சைக்கிள் குழுக்களில் எவரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. அங்கே பேச்செல்லாம் கியரும் கார்பன் சட்டமும்தான்.

17 டிசம்பர் 2024, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை ஆதலால் குரங்கு.

தில்லியில் செவ்வாயும் சனியும் அனுமாருக்கு உகந்த நாட்கள். தௌலா குவானிலிருந்து ரிட்ஜை வகிர்ந்துகொண்டு கரோல் பாக் பக்கம் போகும் வந்தே மாதரம் சாலையில் அன்று காரை நிறுத்தி வாழைப்பழமும் வேகவைத்த கொண்டைக்கடலையும் கொட்டுகிறார்கள். புண்ணியம் அவர்களுக்கு, தோலில் சறுக்குகிற சக்கரம் நமக்கு. வளைவில் ஒரு மிதிபட்ட பழம் கிடந்தாலே போதும்.

நான் கரோல் பாக்கில் நம்மூர்க் காய்கறி வாங்கிக்கொண்டு அந்த வழியாகத் திரும்புவது வழக்கம். கேரியரில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, ஒரு வாழைப்பூ. மேடு ஏறும்போது என் வேகம் நடக்கிறவன் வேகம்தான். திடீரென்று சைக்கிளின் பின்பக்கம் கனத்தது. திரும்பினால் கேரியரில் ஒரு தடிக்குரங்கு, கூப்பிட்டு ஏற்றிக்கொண்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. முருங்கைக்காயை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. வாழைப்பூவைக் கயிற்றோடு உருவிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. சிவப்பு மடலை ஒன்று உரித்தது, கீழே போட்டது. உள்ளே வரிசையாக இருந்த பூக்களைக் கொத்தாகக் கிள்ளியது, மோந்தது, போட்டது. அடுத்த மடல். கடைசியில் வெள்ளைக் குருத்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கடித்தது. வாழைப்பூவில் கள்ளன் எடுக்க வேண்டும் என்பார்கள். அன்றைக்குக் கள்ளனே எடுத்துக்கொண்டான்.

வீட்டில் சொன்னேன். "அதற்காவது உட்கார்ந்து ஆயத் தெரிகிறது" என்று பதில் வந்தது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். குரங்கை முறைக்காதீர்கள். கண்ணைப் பார்ப்பது அதன் மொழியில் சண்டைக்கு அழைப்பு. பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். பை என்றால் தீனி என்று அவற்றுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். 2007-இல் தில்லியின் துணை மேயரே தம் வீட்டு மாடியில் குரங்குகளை விரட்டப் போய்க் கீழே விழுந்து இறந்தார். 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டுக்காக இந்தக் குரங்குகள் அஞ்சும் லங்கூர் என்ற கருமுகக் குரங்கின் படங்களை ஆளுயரத்துக்கு வெட்டி நிறுத்தினார்கள், லங்கூர் போலக் குரல் கொடுக்க ஆட்களையும் அமர்த்தினார்கள். மாநாட்டுக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். குரங்குகள் போகவில்லை.

18 டிசம்பர் 2024

கீறலுக்கு மஞ்சள் வைத்தால் போதுமா என்று கேட்டவருக்கு: போதாது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போய் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியைத் தொடங்குங்கள். கடித்தது நாயானாலும் நரியானாலும் குரங்கானாலும் ரேபிஸ் ஒன்றுதான். நோய் வெளிப்பட்ட பிறகு மருந்து இல்லை. "சின்னக் கீறல்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள்; ரத்தம் வந்ததா என்று எழுதவில்லை. இதைப் படித்தவுடன் கிளம்புங்கள்.

20 டிசம்பர் 2024

துவாரகாத் தம்பி கேட்கிறார்: "இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைக்கிளில் மணி மாட்டினால் பார்க்க நன்றாக இருக்குமா, அண்ணா?"

தம்பி, உங்களுக்கு ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். வசந்த் குஞ்சில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக் காவலாளி. இரவுப் பணி முடிந்து ரங்கபுரிக்கு அந்தக் காலத்து கறுப்பு சைக்கிளில் போகிறவர். தலைக்கவசமும் கிடையாது, பளபளக்கும் சட்டையும் கிடையாது. நரி, முள்ளம்பன்றி, புனுகுப்பூனை, நீல்காய் என்று அவர் பார்த்ததில் காலே அரைக்கால் பங்கு கூட நம் ஞாயிற்றுக்கிழமை வீரர்கள் பார்த்ததில்லை. மட்கார்டு டயரில் உரசிக் கடகடவென்று சத்தம் போடும். போதாததற்குத் தொண்டை கிழிய போஜ்புரிப் பாட்டு. பயத்தில் பாடுகிறாரோ என்று நினைத்து ஒரு நாள் கேட்டேன். "பயம் எதற்கு சாகிப்? நான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். அவர்கள் வேலையை அவர்கள் பார்க்கட்டும்" என்றார்.

விலங்குகளைப் பற்றி அறிய வேண்டுமானால் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவனைக் கேட்காதீர்கள். வேறு வழியில்லாமல் ஓட்டுகிறவனைக் கேளுங்கள்: காவலாளி, பால்காரர், பத்திரிகை போடுகிற பையன், தோட்டக்காரர். மணியை மாட்டுங்கள். அழகு போனால் போகட்டும்.

21 டிசம்பர் 2024

மணி விஷயத்தில் ஒரு சேர்க்கை. வளைவுக்கு முன்னால், புதர் நெருங்கிய இடத்தில், விலங்கு கண்ணில் படுவதற்கு முன்னால் அடிப்பதுதான் பயன். கண்ணெதிரே வந்து நின்ற பிறகு அடித்தால் அது மிரண்டு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. குரங்குக்கோ மணி என்றால் சாப்பாட்டு மணி. அங்கே அடிக்கவே வேண்டாம்.

24 டிசம்பர் 2024

தென்னாப்பிரிக்கக் காணொளியை மூன்று பேர் அனுப்பிவிட்டீர்கள். 2011-இல் ஒரு மலைச் சைக்கிள் பந்தயத்தில் எடுத்தது. ஹார்ட்டிபீஸ்ட் என்ற இரலை பக்கவாட்டிலிருந்து ஓடி வந்து வீரர் மேல் தாவுகிறது; மனிதர் சைக்கிளோடு கவிழ்கிறார். அவர் பார்வை முழுக்கத் தடத்தின் மேல். புல்வெளிக்குள்ளிருந்து வருவதை அவர் பார்க்கவே இல்லை. "அது ஏன் தாக்கியது" என்று கேட்கிறீர்கள். மானின் மனதில் இருந்ததை நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் திறந்த வெளியில் பட்டப்பகலிலேயே இப்படி நடக்கும் என்றால் பனிமூட்டத்தில் நீல்காய் மோதியதைக் கதை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

நான் அதைவிட முக்கியமாக நினைப்பது 2016-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் நடந்தது. காட்டுத் தடத்தில் வேகமாக வந்த சைக்கிள்காரர் பார்வை மறைத்த வளைவில் ஒரு கரடியின் மேலேயே மோதிவிட்டார். கரடி அவரைக் கொன்றுவிட்டது. காட்டில் ஓட்டிப் பழகிய மனிதர்தான். விசாரித்தவர்கள் சுட்டிக் காட்டியதும் இதையே: வேகம், ஓசையின்மை, மறைக்கும் வளைவு. இருவருக்கும் யோசிக்க ஒரு கணம் கூடக் கிடைக்கவில்லை.

காஜியாபாத் அன்பர் "நீல்காய்க்கு நடுவே கரடி எதற்கு" என்று கடிந்துகொள்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன். விலங்கு மாறலாம், வளைவு ஒன்றுதான்.

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்துகள். இன்று விடியலில் நரி முகத்தில் விழித்தேன். உவமை இல்லை, நிஜ நரி. விளக்கொளியில் முதலில் இரண்டு கண்கள் மட்டும், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், மஞ்சளாக. பிறகு அது தலையைத் திருப்பிக்கொண்டதும் கண்கள் அணைந்தன. ஒல்லியான உடம்பு சாலையைக் குறுக்கே கடந்தது. நடுச்சாலையில் நின்று ஒரு பிளாஸ்டிக் உறையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனது. தலைநகரத்து நரி.

சேலத்து அன்பர் உடனே எழுதிவிட்டார்: "எங்கள் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து வந்து ஊரே பார்க்கும், உங்களுக்கு நரியே வீடு தேடி வந்திருக்கிறது." ஐயா, அந்த வழக்கத்துக்கு வனத்துறை அபராதம் போடுகிறது என்பது உங்களுக்கும் தெரியும். வங்காநரி வேறு, இங்கே இருப்பது வேறு. நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று பாட்டி சொல்வாள். சைக்கிள்காரனுக்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது.

அதிர்ஷ்டம் வந்ததா என்று கேட்காதீர்கள். வீடு திரும்பும்போது செயின் அறுந்தது.

9 பிப்ரவரி 2025

சிறுத்தை. எத்தனை நாள் தள்ளிப்போட்டாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

தில்லியில் சிறுத்தை உண்டு. அசோலா பட்டி சரணாலயத்தில் தானியங்கிக் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. 2016-இல் வடக்கே யமுனா பல்லுயிர்ப் பூங்காவுக்கு ஒன்று வந்து தங்கியது. பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2023 டிசம்பரில் சைனிக் பண்ணைக் குடியிருப்புச் சாலையிலேயே ஒன்று திரிந்தது. குருகிராம்–ஃபரீதாபாத் சாலையில் வண்டியில் அடிபட்டுச் செத்த சிறுத்தைகள் பல. நம்மால் அவற்றுக்கு நேர்ந்த கேட்டோடு ஒப்பிட்டால் அவற்றால் நமக்கு நேர்ந்தது மிகக் குறைவு.

நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொல்கிற சைக்கிள்காரர்களில் பாதிப் பேர் பார்த்தது காட்டுப்பூனை என்பது என் சந்தேகம்; வால் எப்படி இருந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். தில்லிக்குத் தெற்கே ஆரவல்லிக் காட்டை ஒட்டிய மாங்கர் பக்கம் ஒரு முறை குழுவாகப் போனபோது ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் மண்ணில் தடம் காட்டினார். என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, நகக்குறி இல்லை. எங்களோடு வந்த இளைஞர்கள் அதன் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துப் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். கிழவர் மட்டும் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பட்டால் என்ன செய்வது? திரும்பி மிதித்து ஓட வேண்டாம். ஓடுவதைத் துரத்துவது பூனை இனத்தின் ரத்தத்தில் இருக்கிறது, மிதிவண்டியில் ஓடினாலும் ஓட்டம் ஓட்டம்தான். இறங்கி, சைக்கிளை முன்னால் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, உரக்கப் பேசியபடி மெல்லப் பின்வாங்குங்கள். இவ்வளவும் எல்லாரும் சொல்வதுதான். சைக்கிள்காரர்களுக்கென்று நான் சேர்ப்பது: அந்தி மயங்கிய பிறகு புதரோரத்தில் குந்தி உட்கார்ந்து பஞ்சர் ஒட்டாதீர்கள். நிமிர்ந்து நிற்கிற மனிதனைச் சிறுத்தை தன் இரையாக நினைப்பதில்லை. குனிந்து குந்தியிருக்கிற உருவம் அதற்கு ஆடோ நாயோ என்று தோன்றலாம். டயர் போனால் போகட்டும், வெளிச்சமுள்ள இடம் வரை தள்ளிக்கொண்டே போங்கள்.

10 பிப்ரவரி 2025

யானை எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று கோவைக்காரர் கேட்கிறார். தில்லியில் உட்கார்ந்துகொண்டு கோவைக்காரருக்கு யானைப் பாடம் நடத்த நான் தயாராக இல்லை. பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை 2009 முதல் வண்டிகளுக்கே தடை. வண்டிக்கே அப்படி என்றால் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு பகலில் போங்கள்.

16 மார்ச் 2025

மயூர் விஹார் மாமி எழுதியது கவலைக்குரியது. பள்ளிக்குச் சைக்கிளில் போகிற மகனின் தலையில் பருந்து கீறியிருக்கிறது, அதுவும் ஒரே விளக்குக்கம்பத்தின் அடியில், அடுத்தடுத்த நாட்களில்.

தில்லியில் பருந்துகள் மற்ற ஊர்களைப் போல இல்லை; அவ்வளவு நெருக்கமாக வாழ்கின்றன. குப்பைமேடுகள் தருகிற தீனி ஒரு காரணம். பழைய தில்லியில் வேண்டுதலாக இறைச்சித் துண்டுகளை வானத்தில் வீசுகிற வழக்கம் இன்னொன்று. குளிர்காலக் கடைசியில் கூடு கட்டி, கோடை முற்றும்வரை குஞ்சு வளர்க்கும். அந்த நாட்களில் கூட்டுக்கு அருகே தலை நீட்டுகிற யாரும் எதிரிதான். பின்னாலிருந்துதான் வரும். சத்தம் கேட்காது, காதோரம் காற்று அடிப்பதுதான் முதல் செய்தி.

மாமி, கூட்டைக் கலைக்கச் சொல்லாதீர்கள். பையனுக்குத் தலைக்கவசம், கோடை விடுமுறை வரை அடுத்த தெரு. அது போதும். முக்கியமாக ஒன்றைச் சொல்லி வையுங்கள்: பருந்து இறங்கினால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக ஓட்டிக் கடக்க வேண்டும், கைப்பிடியை வெட்டித் திருப்பக் கூடாது. ஆஸ்திரேலியாவில் மாக்பை என்ற பறவை வசந்த காலத்தில் சைக்கிள்காரர்களை இப்படித்தான் விரட்டும். 2019 செப்டம்பரில் வூலாங்காங் பக்கம் ஒரு முதியவர் அதற்குத் தப்பப் போய்த் தடத்தைவிட்டு விலகி, வேலித்தூணில் மோதி இறந்துபோனார். அலகும் நகமும் போடுவது கீறல். உயிரை எடுத்தது அந்தத் திருப்பம். நமக்கோ தூண் கூட இல்லை, பக்கத்தில் பஸ் இருக்கும்.

17 மார்ச் 2025

கருட தரிசனம் கிடைத்ததற்கு ஏன் புலம்புகிறீர்கள் என்று ஆர்.கே. புரத்துப் பெரியவர் கேட்கிறார். மாமா, கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது வெள்ளைத் தலையும் செம்பழுப்புச் சிறகும் கொண்ட கிருஷ்ணப் பருந்தைப் பார்த்து. இது கரும்பருந்து, உடம்பு முழுக்கப் பழுப்பு, வால் நுனி பிளந்திருக்கும். மலை மந்திர் கோபுரத்துக்கு மேலே சுற்றினாலும் சாதி மாறாது.

27 ஏப்ரல் 2025

மாமி மீண்டும் எழுதியிருக்கிறார். பையன் வழியை மாற்றிக்கொண்டான், கீறல் இல்லை. ஆனால் இப்போது அதே கம்பத்தடியில் தினமும் மாட்டிக்கொள்வது காலையில் நடைபயிற்சி போகிற அவன் தாத்தாவாம். வழுக்கைத் தலை. அவர் மட்டும் வழியை மாற்ற மறுக்கிறார்: "நாற்பது வருஷமாக நான் நடக்கிற சாலை." பருந்தும் அதையே சொல்லுமோ என்னவோ. குடை பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

6 ஜூலை 2025

மழை தொடங்கியாயிற்று. சைக்கிள்காரனுக்கு வேறு அத்தியாயம்.

சாரைப்பாம்பு. நனைந்த சாலையில் வெயில் வந்ததும் நீளமாகப் படுத்துக் கிடக்கும். கயிறு என்று நினைத்து ஏற்றிவிடுவோம். நச்சில்லாதது, ஆனால் அதைப் பார்த்ததும் காலை மேலே தூக்கிக்கொண்டு கைப்பிடியை விட்டுவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். பாம்பு ஒன்றும் செய்யவில்லை, சாலை செய்தது. உடும்பு அப்படியில்லை, ஓடி மறைந்துவிடும்.

மயில் வேறு ரகம். கூட்டமாக மேயும்; ஓட வேண்டியது திடீரென்று பறக்கும். அந்தக் கனத்த உடம்பு எழும்பும்போது சரியாகச் சைக்கிள்காரனின் நெஞ்சு உயரத்துக்கு வருகிறது. ஜே.என்.யூ.வுக்குள் ஒன்று என் முகத்துக்கு நேரே தோகையை இழுத்துக்கொண்டு போனது. இறகு மூக்கில் பட்டது. ஈரக் கோழி வாடைதான். முருகனின் வாகனம் இப்படி நாறும் என்று யாரும் பாடி வைக்கவில்லை.

7 ஜூலை 2025

மயிலிறகு பொறுக்கி வைத்துக்கொள்ளலாமா என்று ஐந்து பேர். ஆகஸ்டு வாக்கில் தானே உதிர்க்கும். அதுவரை மயிலைத் துரத்தாதீர்கள்.

13 ஜூலை 2025

ஃபரீதாபாத் அன்பர் முள்ளம்பன்றி முள்ளைப் படம் எடுத்து அனுப்பி, அது தன் டயரைக் குறிபார்த்து எய்ததாக எழுதியிருக்கிறார். படத்தில் இருப்பது முள்ளம்பன்றி முள்ளேதான், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. ஆனால் முள்ளம்பன்றி எய்யாது. சிலிர்த்துக்கொண்டு பின்புறமாக வந்து குத்தும். தளர்ந்த முட்கள் தடத்தில் உதிர்ந்து கிடக்கும். நீங்கள் கண்டெடுத்தது அப்படி உதிர்ந்த ஒன்று.

உங்கள் டியூபைக் குத்தியது அதுவாக இருக்காது என்பது என் ஊகம். அது விலாயத்தி கீக்கர். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லை, நம் சீமைக்கருவேலம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து போட்டது இன்று ரிட்ஜ் முழுவதையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மழைக்காற்றில் கிளை முறிந்து விழுந்தால் தடமெல்லாம் முள். ஏறியதும் நுனி ரப்பருக்குள்ளேயே ஒடிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, விரலால் தடவினாலும் அகப்படாது. புது டியூப் மாட்டினால் அரை மணி நேரத்தில் அதுவும் போகும். ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உட்புறம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். எங்கே இழை சிக்குகிறதோ அங்கே இருக்கும் நுனி, நகவெட்டியால் பிடுங்கிவிடலாம். இரண்டு டியூப் கொண்டுபோங்கள். மாங்கர் பக்கம் அந்தி நேரமென்றால் நின்றுகொண்டே மாற்றப் பழகுங்கள்.

14 ஜூலை 2025

நின்றுகொண்டு மாற்றுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: சைக்கிளைத் தலைகீழாகப் போடாமல் இருக்கையை ஒரு கிளையில் மாட்டித் தொங்கவிடுங்கள். கீக்கர் கிளையில் வேண்டாம்.